செர்ஸ்கி மலைத்தொடர்: மேலே ஏறினால் குளிர் குறையும் இடம்

வடகிழக்கு சைபீரியாவில் இருக்கும் செர்ஸ்கி மலைத்தொடரைப் பற்றிய இரண்டு கேள்விகளுக்கு இது பதில். மூவாயிரம் மீட்டர் உயரமுள்ள ஒரு மலைத்தொடர் 1926 வரை வரைபடத்தில் வராமல் எப்படி இருந்தது? மக்கள் வாழும் இடங்களிலேயே மிகக் குளிரானவை அதன் பக்கத்தில் இருந்தும், அங்கே ஏன் பெரிய பனியாறுகள் இல்லை? முதல் கேள்வியைத்தான் நிறைய பேர் கேட்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் அதற்குப் பதில் தெரிந்தால் அந்த நிலப்பரப்பு முழுவதும் புரிந்துவிடும்.

முதலில் இடம். ரஷ்யாவின் சகா குடியரசு, அதற்குக் கிழக்கே மகதான் மாகாணம், இந்த இரண்டிலும் பரவிக் கிடக்கிறது இது. வடமேற்கில் யானா ஆற்றுப் பக்கத்தில் தொடங்கி, தென்கிழக்கில் கொலிமா ஆற்றின் மேல்பகுதி வரை ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். ஒரே முகடாக ஓடும் மலை என்று நினைத்துவிட வேண்டாம். உலகான்-சிஸ்தாய், தாஸ்-கிஸ்தாபித், சிலியாப் என்று பல தனித்தனித் தொடர்கள், நடுநடுவே அகலமான பள்ளத்தாக்குகள், உயரமான சமவெளிகள், எல்லாம் சேர்ந்த தொகுப்புதான் செர்ஸ்கி. இதன் உச்சி பொபேதா சிகரம், 3,003 மீட்டர். பழைய புத்தகங்களில் 3,147 என்று இருக்கும், அது முந்தைய அளவீடு. மேற்கே லேனா ஆற்றை ஒட்டி வளைந்து போகிற வெர்கோயான்ஸ்க் மலைத்தொடர் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது சகஜம், ஆனால் இந்த இரண்டு தொடர்களுக்கும் நடுவே அகப்பட்ட நிலத்தில்தான் நான் சொன்ன மிகக் குளிரான ஊர்களான வெர்கோயான்ஸ்கும் ஒய்மியாகோனும் இருக்கின்றன. அது பின்னால் முக்கியமாக வரும்.

சரி, 1926 கதை. அந்த மலைகளை யாரும் பார்த்ததே இல்லை என்று அர்த்தம் இல்லை. ஏவன் என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே துருவமான் மேய்த்து வந்திருக்கிறார்கள், எந்தக் கணவாய் எப்போது திறக்கும் என்பது வரை அவர்களுக்குத் தெரியும். சகா மக்கள் பள்ளத்தாக்குகளில் குதிரையும் மாடும் வளர்த்தார்கள். சகா குடியரசின் தலைநகர் யகூத்ஸ்கில் இருந்து கொலிமா பக்கம் போகும் தபால் வழி, வணிக வழி எல்லாமே இந்த மலைகளைக் குறுக்கே தாண்டித்தான் போயின. ஆனால் அப்படிப் போனவர்கள் தாங்கள் கடந்த பகுதியை மட்டும் பார்த்தார்கள், அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து யாரும் வரையவில்லை. அதனால் அந்தக் கால வரைபடங்களில் இண்டிகிர்கா ஆற்றின் நடுப்பகுதி தாழ்நிலமாகவே இருந்தது.

இங்கேதான் யான் செர்ஸ்கி வருகிறார். 1845இல் இன்றைய பெலாரூஸ் பகுதியில் பிறந்தவர். ரஷ்யப் பேரரசுக்கு எதிரான 1863 எழுச்சியில் சேர்ந்து, பிடிபட்டு, கட்டாயப் படைப் பணிக்காக சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர். ஓம்ஸ்கில் இருந்தபோது கிடைத்த புத்தகங்களை வைத்துத் தானாகவே நிலவியல் படித்தார். பிறகு இர்குத்ஸ்கில் தங்கி பைக்கால் ஏரியின் கரை முழுவதையும் ஆராய்ந்து பெயர் வாங்கினார். 1891இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் சார்பில் யானா, இண்டிகிர்கா, கொலிமா ஆறுகளை ஆராயப் புறப்பட்டார், மனைவி மாவ்ராவும் மகனும் கூடவே போனார்கள். யகூத்ஸ்கில் இருந்து ஒய்மியாகோன் வழியாக மலைகளைத் தாண்டி வெர்ஹ்னே-கொலிம்ஸ்க் போய்ச் சேர்ந்து, அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும்போதே அவருக்கு உடம்பு மோசமாகிவிட்டது. தான் இறந்தாலும் பயணம் நிற்கக்கூடாது, மாவ்ரா தலைமையில் தொடர வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு, 1892இல் படகில் கொலிமா ஆற்றில் இறங்கினார். அந்தக் கோடையிலேயே வழியில் இறந்துபோனார். மாவ்ரா சொன்னபடி செய்தார், ஆராய்ச்சிப் பொருள்களையும் குறிப்புகளையும் பத்திரமாகக் கொண்டு சேர்த்தார். மலைக்கு செர்ஸ்கி பெயர் இருக்கிறது, ஆனால் என்னைக் கேட்டால் அந்தப் பயணத்தில் மாவ்ராவின் பங்கு இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டும்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் எதுவும் நடக்கவில்லை. 1926இல் செர்கேய் ஒப்ருச்செவ் என்ற நிலவியலாளர், இண்டிகிர்காவின் கிளையாறு ஒன்றில் பிளாட்டினம் இருப்பதாக வந்த தகவலைச் சரிபார்க்கும் வேலையும் கையில் இருக்க, குதிரைகளோடு யகூத்ஸ்கில் இருந்து கிளம்பினார். கூட வந்தவர் சலிஷேவ் என்ற அளவையாளர், வானத்தைப் பார்த்து இடங்களின் அட்ச, தீர்க்க ரேகைகளைக் கணக்கிடுபவர். தாழ்நிலம் வர வேண்டிய இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மலைத்தொடர்கள் வந்துகொண்டே இருந்தன. பிளாட்டினக் கதை பொய்யானது, ஆனால் காகசஸ் மலையைவிடப் பெரிய பரப்புள்ள ஒரு மலைத்தொகுதி வரைபடத்தில் ஏறியது. செர்ஸ்கியின் பெயரை ரஷ்யப் புவியியல் கழகம் அதற்கு வைத்தது. 1926 என்பது விமானமும் வானொலியும் வந்துவிட்ட காலம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. திரும்பும் வழியில் நவம்பரில் ஒய்மியாகோன் பக்கம் வந்தபோது வெப்பமானியின் பாதரசம் உறைந்துவிட்டது. பாதரசம் உறைவது -39 டிகிரியை ஒட்டி, ஆகவே அதற்குக் கீழே என்ன குளிர் என்பதை அந்த வெப்பமானி சொல்லாது. வெர்கோயான்ஸ்க்தான் வட அரைக்கோளத்திலேயே மிகக் குளிரான இடம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒய்மியாகோன் அதைவிடக் குளிராக இருக்கலாம் என்று ஒப்ருச்செவ் எழுதினார். 1933 பிப்ரவரியில் ஒய்மியாகோனில் -67.7 டிகிரி பதிவானது. வெர்கோயான்ஸ்கில் 1892இல் பதிவானது -67.8. இரண்டுக்கும் நடுவே எது பெரிது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் நடுவே 1991இல் ஒரு தானியங்கி நிலையம் பதிவு செய்த -69.6ஐ உலக வானிலை அமைப்பு 2020இல் ஏற்றுக்கொண்டது, ஆகவே வட அரைக்கோளச் சாதனை இப்போது கிரீன்லாந்துக்கு. ஆனால் அங்கே யாரும் வீடு கட்டி வாழவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மலைமேல் ஏற ஏறக் குளிரும் என்பது நம் எல்லோருக்கும் பழகிய விதி. செர்ஸ்கியில் குளிர்காலத்தில் அந்த விதி தலைகீழ். ஒய்மியாகோன் இருப்பது சுமார் 740 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலைகள் அடைத்த ஒரு பள்ளமான சமவெளியில். குளிர்காலத்தில் சைபீரியா முழுவதையும் ஒரு பெரிய உயர் அழுத்த மண்டலம் மூடிக்கொள்கிறது. மேகம் இல்லை, காற்று அசைவதில்லை. வெயில் ஒரு நாளில் சில மணி நேரம்தான், அதுவும் சாய்வாக. தரையில் இருக்கும் கொஞ்ச வெப்பமும் தெளிந்த வானத்தின் வழியே விண்வெளிக்குப் போய்விடுகிறது, தரையை ஒட்டிய காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம், அது சரிவுகளில் வழிந்து கீழே இறங்கி, கிண்ணத்தில் தண்ணீர் தேங்குவதைப் போல அந்தப் பள்ளத்தில் தேங்கிக் கிடக்கிறது. மேலே இருக்கும் இளஞ்சூடான காற்றோடு கலந்துவிட ஒரு காற்றடிப்பு வேண்டும், அது வருவதில்லை. வாரக்கணக்கில் அப்படியே.

இதனால் ஜனவரியில் கீழே ஊரில் -50 இருக்கும்போது, மலைச்சரிவில் ஆயிரம் மீட்டர் மேலே போனால் பத்து, பதினைந்து டிகிரி குறைவான குளிர் இருக்கும். மேலே இருப்பவர் பிழைத்தார் என்று சொல்ல முடியாது, அங்கே காற்றடிக்கும், அது வேறு விதமான கொடுமை. ஆனால் வெப்பமானி காட்டுவது இதுதான். உஸ்த்-நேரா போன்ற ஊர்களில் வண்டிப் புகையும், வீட்டுப் புகைபோக்கிகளின் ஈரமும், மனிதர்கள் விடும் மூச்சும்கூட மேலே போக வழியில்லாமல் பனிப்படிக மூடுபனியாகத் தெருவில் நின்றுவிடும்.

அடுத்த விதி: குளிர் அதிகமென்றால் பனியும் அதிகம். இதுவும் அங்கே செல்லாது. பனியாறு உருவாக வெறும் குளிர் போதாது, கோடையில் உருகுவதைவிட அதிகமாகக் குளிர்காலத்தில் பனி விழ வேண்டும். அதற்கு ஈரம் வேண்டும், ஈரத்துக்குக் கடல் வேண்டும். அட்லாண்டிக் பெருங்கடல் இந்தக் கண்டத்தின் மறுமுனையில் இருக்கிறது, அங்கிருந்து கிளம்பிய ஈரத்தில் மிச்சம் மீதியை வெர்கோயான்ஸ்க் மலைகள் பிடித்துக்கொள்கின்றன. வடக்கே ஆர்க்டிக் கடல் உறைந்து மூடிக் கிடக்கிறது. பசிபிக் பக்கமிருந்து வருவதைத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள மலைகள் தடுக்கின்றன. ஒய்மியாகோனில் மழையும் பனியும் சேர்ந்து வருஷத்துக்கு 200 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அதிலும் பெரும்பகுதி கோடை மழை. குளிர்காலம் முழுக்க விழுந்த பனி முழங்கால் அளவுக்கு வந்தாலே பெரிது. மேலே உயரத்தில் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது, அதனால் பொபேதா சிகரம் இருக்கும் புவோர்தாக் மலைப்பகுதியில் பனியாறுகள் உண்டு. ஆனால் சோவியத் காலக் கணக்குப்படி செர்ஸ்கி முழுவதிலும் உள்ள பனியாறுகளைச் சேர்த்தாலே 150 சதுர கிலோமீட்டர் அளவுதான், இன்று அதைவிடக் குறைவு. காரகோரத்தில் சியாச்சின் என்ற ஒற்றைப் பனியாறு இதைப்போலப் பல மடங்கு. இன்னும் சொன்னால், கனடாவையும் ஸ்கான்டிநேவியாவையும் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளம் மூடியிருந்த கடைசிப் பனியுகத்தில்கூட இங்கே அப்படி ஒரு பாளம் இல்லை. மலைப் பள்ளத்தாக்குகளில் மட்டும் பனியாறுகள் நீண்டு கிடந்தன, மற்ற இடமெல்லாம் குளிர்ந்த, காய்ந்த புல்வெளி. அதில் பனியுகத்து யானையான மாமூத் மேய்ந்தது.

அப்படியானால் அந்தக் குளிர் எங்கே தங்குகிறது? நிலத்துக்குள். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை மண்ணும் பாறையும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக உறைந்தே கிடக்கின்றன. கோடையில் மேலே அரை மீட்டர், ஒன்றரை மீட்டர் இளகும், அவ்வளவுதான். குளிர் தங்கும் இன்னொரு இடம் ஆறு. செர்ஸ்கியில் பார்த்தே தீர வேண்டிய ஒன்று என்று நான் சொல்வது சிகரத்தை அல்ல, இந்த ஆற்றுப் பனிப்பாளங்களைத்தான். அங்கே இவற்றை தாரின் என்பார்கள். நடப்பது இதுதான்: ஆழமில்லாத ஆறு குளிர்காலத்தில் அடிவரை உறைந்துவிடுகிறது. ஆனால் நிலப் பிளவுகள் வழியே ஆழத்தில் இருந்து வரும் ஊற்றுநீர் நிற்பதில்லை. மேலே பனிமூடி, கீழே உறைநிலம், நடுவே போக இடமில்லாமல் நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பனியை வெடித்துக்கொண்டு வெளியே வந்து பரவி, பரவியதுமே உறைகிறது. மறுபடி அழுத்தம், மறுபடி வெடிப்பு, அடுத்த அடுக்கு. அக்டோபர் முதல் மே வரை இப்படியே ஏறினால் பள்ளத்தாக்கின் அடித்தளம் முழுக்கப் பல மீட்டர் தடிமனில் பனிப்பாளம் உருவாகிவிடுகிறது. இண்டிகிர்காவின் கிளையாறான மோமாவில் இருக்கும் உலகான்-தாரின் உலகின் மிகப் பெரிய பாளங்களில் ஒன்று, நல்ல வருஷங்களில் அதன் பரப்பு நூறு சதுர கிலோமீட்டரை நெருங்கும். யோசித்துப் பாருங்கள், மலைமேல் இருக்கும் எல்லாப் பனியாறுகளின் கூட்டுப் பரப்போடு ஒப்பிடத்தக்க ஒரு பனி, பள்ளத்தாக்கின் அடியில் ஒரே இடத்தில்! ஜூலையில் வெயில் முப்பது டிகிரி அடிக்கும்போதும் அதன் மிச்சம் வெள்ளையாகக் கிடக்கும், பூச்சிக்கடி தாங்காமல் துருவமான்கள் அதன்மேல் போய் நிற்கும்.

ஊற்றுநீர் வரும் அந்தப் பிளவுகளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பள்ளிக்கூட வரைபடத்தில் ஆசியா ஒரு கண்டம், அமெரிக்கா ஒரு கண்டம், நடுவே பெரிங் நீரிணை. பூமியின் மேலோடாக மெல்ல நகரும் கண்டத்தட்டுகளின் கணக்கு அப்படி இல்லை. அட்லாண்டிக்கின் நடுமுகடு, அதாவது இரண்டு தட்டுகள் பிரியும் எல்லை, வடக்கே ஆர்க்டிக் கடலுக்கு அடியில் தொடர்ந்து, லாப்தேவ் கடலில் கரையேறி, இந்தச் செர்ஸ்கி மலைகளின் ஊடாகவே போகிறது. ஆகவே மோமா பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் யூரேசியத் தட்டு, மறு பக்கம் வட அமெரிக்கத் தட்டு. வடக்கே ஆர்க்டிக்கில் இவை விலகுகின்றன, இங்கே தெற்கில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பக்கவாட்டில் உராய்கின்றன. அதனால்தான் இது நிலநடுக்கப் பகுதி; 1971 மே மாதத்தில் ஆர்திக் என்ற ஊருக்கு அருகே 6ஐத் தாண்டிய நிலநடுக்கம் வந்தது. மோமா பள்ளத்தாக்கில் பலகான்-தாஸ் என்ற சிறிய எரிமலைக் கூம்பும் உண்டு, அது சுமார் மூன்று லட்சம் வருஷம் பழையது. மலைகளின் அடிப்படைக் கட்டமைப்பு இதற்கெல்லாம் மிக முந்தையது. ஜுராசிக் காலத்தின் கடைசியில் கொலிமா பக்கத்து நிலத்துண்டு சைபீரியாவின் பழைய பாறைத்தளத்தோடு மோதியபோது, கடலடியில் படிந்திருந்த மணற்கல்லும் களிப்பாறையும் மடிந்து எழுந்தன, அவற்றின் நடுவே கிரானைட் பாறைக்குழம்பு நுழைந்து இறுகியது. சிகரங்கள் பெரும்பாலும் அந்த கிரானைட்டை ஒட்டித்தான். இங்கே கிடைக்கும் தங்கமும் அந்தக் காலத்துச் சூடான நீரோட்டங்கள் விட்டுப்போனதுதான்.

இண்டிகிர்கா ஆறு மலைத்தொடரைச் சுற்றிப் போகாமல் குறுக்கே அறுத்துக்கொண்டு வடக்கே போகிறது. மலை எழும்பிய வேகத்துக்கு ஈடு கொடுத்து ஆறும் அறுத்துக்கொண்டே வந்தது என்பது விளக்கம். அந்தப் பெரும் இடுக்கு சுமார் நூறு கிலோமீட்டர் நீளம், முழுக்க வேகநீர்ச் சரிவுகள், படகுக்காரர்களைக் கொன்றிருக்கிறது. இதைக் கடந்ததும் மோமா வந்து சேருமிடத்தில் ஹோனு என்ற சிற்றூர். மோமா மாவட்டத்தின் தலைமையிடம் அதுதான். ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள அந்த மாவட்டத்தில் மொத்த மக்கள் நாலாயிரம் பேர் அளவுதான்.

இந்தக் குளிரில் மரமா என்று கேட்பார்கள். லார்ச் காடு ஏராளம். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கிற மரம் அது, செப்டம்பரில் மஞ்சளாகி உதிர்த்துவிடும். வேர் ஆழமாகப் போக முடியாது, கோடையில் இளகும் அந்த மேல் அடுக்கிலேயே பக்கவாட்டில் பரவும். இன்னும் மேலே குட்டைப் பைன் புதர், குளிர் வந்ததும் கிளைகளைத் தரையோடு சாய்த்துப் படுத்துக்கொண்டு பனிக்கு அடியில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் எழும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: இண்டிகிர்கா, யானா ஆற்றோரங்களில் தெற்குப் பார்த்த சரிவுகளில் இன்றும் காய்ந்த புல்வெளித் திட்டுகள் இருக்கின்றன, மாமூத் காலத்துப் புல்வெளியின் எச்சமாக. பக்கத்திலேயே வடக்குப் பார்த்த சரிவில் பாசியும் சதுப்பும். யகூத் குதிரைகள் குளிர்காலம் முழுக்க வெளியிலேயே நின்று, குளம்பால் பனியைக் கிளறிப் புல் தின்கின்றன. பனி மெல்லியதாக இருப்பதால்தான் அது நடக்கிறது. ஈரமான குளிர்ப் பிரதேசமாக இருந்திருந்தால் அந்தக் குதிரைகள் பிழைத்திருக்காது.

சாலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மகதானுக்கும் யகூத்ஸ்குக்கும் இடையே சுமார் 2,000 கிலோமீட்டர் நீளும் கொலிமா நெடுஞ்சாலை இந்த மலைத்தொடரின் தென்பகுதி வழியாகப் போகிறது. 1931இல் தங்கத்துக்காக தால்ஸ்த்ரோய் என்ற அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது, 1932இல் இருந்து கைதிகளைக் கொண்டு சாலை போடத் தொடங்கினார்கள். மண்வெட்டியும் தள்ளுவண்டியும்தான் கருவி, -50 குளிரிலும் வேலை. வேலையிலேயே செத்தவர்கள் ஏராளம், அதனால்தான் மக்கள் அதை எலும்புச் சாலை என்கிறார்கள். அதை ஒரு சாகசப் பயணத்தின் பெயராக மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்ப் படம் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கசக்கும். போகட்டும், ஆனால் யார் போட்ட சாலை என்று தெரிந்துகொண்டு போகட்டும். நெடுஞ்சாலையை விட்டு விலகினால் குளிர்காலம்தான் பயணக் காலம், உறைந்த ஆறுகளே சாலை. தாரின் நீர் திடீரென மேலே வந்து லாரியைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு என்றாலும், கோடையில் சேறும் வெள்ளமுமாக வழியே இருக்காது.

இந்த நிலம் மாறிக்கொண்டும் இருக்கிறது. 2020 ஜூன் 20 அன்று வெர்கோயான்ஸ்கில் 38 டிகிரி பதிவானது, உலக வானிலை அமைப்பு அதை உறுதி செய்திருக்கிறது. -67.8இல் இருந்து 38 வரை, நூறு டிகிரிக்கு மேல் வித்தியாசம் ஒரே ஊரில். அதே யானா மேட்டுநிலத்தில் பதகாய் அருகே உறைநிலம் உருகிச் சரிந்து ஒரு கிலோமீட்டர் நீளப் பள்ளமாகி, ஒவ்வொரு கோடையிலும் விளிம்பு பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது.

செயற்கைக்கோள் வரைபடத்தில் நீங்களே பார்க்க விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். ஹோனுவில் தொடங்குங்கள். அங்கிருந்து தென்கிழக்காக மோமா ஆற்றோடு மேல்நோக்கிப் போங்கள். வலது கைப்பக்கம் உலகான்-சிஸ்தாய், அதற்குள்தான் பொபேதாவும் அதன் சிறிய பனியாறுகளும். ஜூன் மாதப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆற்றுப்படுகையிலேயே பெரிய வெள்ளைத் திட்டு தெரியும், அது மேகமல்ல, உலகான்-தாரின். ஹோனுவுக்குத் திரும்பி இண்டிகிர்காவை எதிர்த்து மேலே போனால் அந்தப் பெரும் இடுக்கு வரும், இன்னும் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் உஸ்த்-நேரா, அதைத் தாண்டி மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் ஒய்மியாகோன்.